ஐப்பசியில் பெட்ஃபோர்ட் ஸ்பிரிங்ஸ்: நம் ஊரிலிருந்து போய் முதன்முதலாக கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர் இப்போது நிறையப் பேர். ஆனி, ஆடியில் பெங்களூரில் விமானம் ஏறினால் ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும், அதனால் ஐப்பசி மாதம் பெரும்பாலும் அங்கேதான் கழியும். இங்கே மழை பிடித்துக்கொள்ளும் அதே நாட்களில் அங்கே மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறி நிற்கும். மகனோ மருமகனோ கோல்ஃப் ஆடுகிறவராக இருந்தால் "வாங்கப்பா, ஒரு நாள் நீங்களும் ஆடிப் பாருங்க" என்று கட்டாயம் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது தயங்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் பிள்ளைகள் இருந்தால் நான் கைகாட்டுவது ஒரே இடம்: பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டு ஊரில் உள்ள ஓம்னி பெட்ஃபோர்ட் ஸ்பிரிங்ஸ் ரிசார்ட், அதன் பழைய மைதானம். பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் ஏறக்குறைய 2 மணி நேரம், வாஷிங்டனிலிருந்து இரண்டரை மணி நேரம். புதிதாக ஆடுகிறவரைப் பழைய, பெயர்பெற்ற மைதானத்துக்குக் கூட்டிப்போகாதே, அவருக்கும் கஷ்டம், பின்னால் வருகிறவர்களுக்கும் கஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒழுங்காகப் புதுப்பித்த பழைய மைதானம்தான் புதியவருக்கு ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பழைய மைதானம்

இங்கே முதல் மைதானத்தை 1895இல் ஸ்பென்சர் ஓல்டாம் என்பவர் அமைத்தார். 1912இல் ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட் என்ற மைதான வடிவமைப்பாளர் வந்து மாற்றியமைத்தார். 1923இல் டொனால்ட் ராஸ் இன்னொரு முறை கைவைத்து 18 குழி மைதானமாக ஆக்கினார். ராஸ் ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் பிறந்தவர், பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை அமைத்தவர். டில்லிங்ஹாஸ்ட் கைவண்ணத்தில் வந்தவைதான் பெயர்பெற்ற விங்டு ஃபுட், பால்டஸ்ரால் மைதானங்கள். இப்படி மூன்று காலத்து மூன்று பேரின் கை ஒரே மண்ணில் பட்ட இடம் அபூர்வம். பிறகு ஹோட்டல் 1986இல் மூடியே போனது. 2007இல் திரும்பத் திறந்தபோது ரான் ஃபோர்ஸ் என்ற வடிவமைப்பாளர் மைதானத்தை மீட்டெடுத்தார். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அழித்துவிடாமல், மூன்று பேர் வேலையும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார். பழையதைப் புதுப்பிப்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன்.

சரி, இதில் புதியவருக்கு என்ன லாபம்? 1920களின் பிற்பகுதி வரை கோல்ஃப் கட்டைகளின் தண்டு ஹிக்கரி மரத்தில்தான் இருந்தது, ஃபேர்வே (குழிக்குப் போகும் வழியில் புல்லைக் குட்டையாக வெட்டிய நீளப் பகுதி) முழுக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஏற்பாடும் அப்போது பரவவில்லை. தரை இறுகிக் கிடக்கும், பந்தை உயரே அடித்துக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி மிக நெருக்கமாகப் புல் வெட்டிய இடத்தில், நிறுத்துவது கடினம். அதனால் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் பல கிரீன்களின் முன்பக்கத்தைத் திறந்து வைத்தார்கள், தரையோடு உருட்டி ஏற்றுகிறவனுக்கும் ஒரு வழி இருந்தது. புதிதாக ஆடுகிறவர் அடிக்கும் பந்து பெரும்பாலும் தரையோடுதானே போகும்! நவீன மைதானங்கள் பலவற்றில் கிரீனுக்கு முன்னால் குளமோ பங்கர் என்கிற மணல் பள்ளமோ குறுக்கே கிடக்கும், உருண்டு போன பந்து அதற்குள்தான் விழும். ஆண்டுகள் போகப் போக புல் வெட்டுகிற எல்லை குறுகிக் கிரீன்கள் சிறுத்துப்போவதும், மரங்கள் வளர்ந்து வழியை அடைப்பதும் பழைய மைதானங்களுக்கு வழக்கமாக வருகிற வியாதி. மீட்டெடுக்கிறவர்கள் முதலில் சரிசெய்வதும் இவற்றைத்தான். அப்படி அகலமான இடத்தில் புதியவர் மூச்சுவிட்டு ஆடலாம்.

ஊரிலேயே செய்ய வேண்டியவை

விமானம் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கையில் கட்டையைப் பிடித்துப் பழகுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், ஓசூரிலிருந்து இன்னும் பக்கம். 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் இருக்கிற ஊர் அது, காசு கட்டிப் பந்து அடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சும் கிடைக்கும். நாலைந்து பாடம் ஒரு பயிற்சியாளரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடி, நிற்கும் நிலை, தலையை ஆட்டாமல் சுழற்றுவது, இவ்வளவு போதும். தூரம் அடிப்பதற்கான டிரைவர் என்ற பெரிய கட்டையைத் தொடவே வேண்டாம். 7ஆம் எண் அயர்ன் என்ற இரும்புத் தலைக் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பத்துக்கு ஆறு பந்து நேராகப் போகிற வரை அடியுங்கள்.

மீதியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்த கொல்லையில் பிளாஸ்டிக் பந்தை வைத்து, கிட்டத்தில் பந்தை எழுப்பி அடிக்கும் வெட்ஜ் கட்டையால் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பழகலாம், ஹாலில் பாயை விரித்து, பந்தை உருட்டுவதற்கான பட்டர் கட்டையால் உருட்டலாம். புதியவர் ஒரு ஆட்டத்தில் அடிக்கும் அடிகளில் பாதிக்கு மேல் கிரீனைச் சுற்றியும் கிரீன் மேலும்தான் போகும், அதனால் இந்தச் சின்ன அடிகளை லேசாக நினைக்க வேண்டாம்.

நடையும் வேண்டும். 18 குழியும் நடந்து ஆடினால் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஆகும், மைதானத்துக்குள் ஓட்டும் கார்ட் வண்டியை எடுத்தாலும் கணிசமாக நடக்கத்தான் வேண்டும். காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போகிற வழக்கம் இருந்தால் அதையே கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் 9 குழி மட்டும் ஆடலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்று: தோட்டத்துக்குப் போட்டுப்போகிற ஷூவை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். விவசாய நிலத்து மண் ஒட்டிய ஷூவை அமெரிக்க விமான நிலையத்தில் சோதிப்பார்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள்.

பதிவு செய்யும்போது

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்துக்கு டீ என்று பெயர். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு டீ டைம் என்று பெயர், அதை முன்கூட்டியே வாங்க வேண்டும். இலை நிறம் மாறும் பருவத்தில் ரிசார்ட்டில் அறையும் நேரமும் சீக்கிரம் தீர்ந்துவிடும், வார இறுதி இன்னும் மோசம். அந்தப் பகுதியில் அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை நிறம் நன்றாக இருக்கும், அதில் செவ்வாய், புதன் மாதிரி ஒரு வார நாளைப் பிடியுங்கள். பின்னால் கூட்டம் குறைவாக இருந்தால் புதியவருக்குப் பாதி பயம் போய்விடும்.

எத்தனை மணிக்கு என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காலை ஏழரைக்கு வாங்காதீர்கள். இரவில் பனி உறைந்து புல் மேல் வெள்ளையாகக் கிடக்கும், அதன் மேல் மிதித்தால் புல்லின் திசு உடைந்து காலடித் தடமெல்லாம் கருகிப்போகும். அதனால் பனி உருகுகிற வரை யாரையும் உள்ளே விட மாட்டார்கள், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ காத்திருக்க வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு வாங்கினாலும் தொல்லை. அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் மறைந்துவிடும், ஆட்டத்துக்கு நாலு, நாலரை மணி நேரம் வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஆக, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் வாங்குவதுதான் சரி. ஒன்பது குழிக்கு மட்டும் என்றால் இரண்டு மணி கூடப் பரவாயில்லை.

தொலைபேசியில் பதிவு செய்யும்போது பிள்ளைகளை இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா, இடது கைக்காரர் என்றால் அதற்கும் உண்டா, கார்ட் வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா, கிரீனில் துளை போட்டு மண் தளர்த்தும் வேலை சமீபத்தில் நடந்ததா. கடைசிக் கேள்வி முக்கியம். இலையுதிர் காலத்துத் தொடக்கத்தில் பல மைதானங்களில் இதைச் செய்வார்கள், செய்த பிறகு ஒன்றிரண்டு வாரம் கிரீன் முழுக்கத் துளையும் மணலுமாக இருக்கும், பந்து குதித்துக் குதித்துப் போகும். அவ்வளவு பணம் கட்டிவிட்டு அந்த வாரத்தில் போக வேண்டாம்.

உடுப்பும் பையும்

காலர் வைத்த சட்டை, பேன்ட். ஜீன்ஸ் வேண்டாம். பெண்களுக்கும் பேன்ட்டும் காலர் வைத்த மேல்சட்டையும் வசதி, புடவையோடு சுழற்றி அடிப்பது சிரமம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மார்கழிக் குளிர் பழகியவர்களுக்குக் கூட அங்கத்திக் காலைக்காற்று உறைக்கும். தடிமனான ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டால் தோள் திரும்பாது; மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். காதை மூடும் தொப்பி ஒன்று, காய்ந்த காலுறை ஒரு ஜோடி கூடுதலாக. புல் மதியம் வரை ஈரமாகத்தான் இருக்கும்.

விதிப்படி 14 கட்டை வரை எடுக்கலாம். உங்களுக்கு அவ்வளவு எதற்கு? தூரம் அடிக்க ஹைப்ரிட் என்ற கட்டை ஒன்று, 7 அயர்ன், 9 அயர்ன், சாண்ட் வெட்ஜ், பட்டர், இந்த ஐந்து போதும். எதை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்து நிற்கிற வேலையும் மிச்சம். பந்து ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள், மஞ்சளும் ஆரஞ்சும் வேண்டாம், உதிர்ந்த இலைக்குள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. வெள்ளை நல்லது, பளிச்சென்ற ரோஸ் நிறம் அதைவிட நல்லது. கூடவே வாழைப்பழமும் கடலை மிட்டாயும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் டீயில்

நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே போய்விடுங்கள். புரோ ஷாப் என்கிற மைதானத்துக் கடையில் பெயரைச் சொல்லிப் பணம் கட்டி, கட்டைகளை வாங்கிக்கொண்டு, பழகும் கிரீனில் பத்து நிமிடம் உருட்டிப் பாருங்கள். பையைக் கார்ட்டில் ஏற்றிக்கொடுக்கிற பையன்களுக்குச் சில டாலர் கொடுப்பது அங்கே வழக்கம். முதல் டீயில் ஸ்டார்ட்டர் என்று ஒருவர் நிற்பார். அவரிடம் புதியவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கார்ட் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்பதையும் அவரே சொல்வார்.

அடுத்தது எந்த டீயிலிருந்து அடிப்பது என்பது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரே குழிக்கு முன்னும் பின்னுமாகப் பல டீகள் இருக்கும். கடைசிப் பின் டீயிலிருந்து மைதானம் 6,700 கெஜத்துக்கு மேல் நீளும், அது உங்களுக்கானது அல்ல. அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: உங்கள் நல்ல அடி 150 கெஜம் போகும் என்றால் மொத்த நீளம் 3,500லிருந்து 3,700 கெஜம் இருக்கிற டீ, 175 போனால் 4,400லிருந்து 4,600, 200 போனால் 5,200லிருந்து 5,400. ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு டீக்கும் நீளம் அச்சிட்டிருக்கும், இருப்பதிலேயே குறைந்ததை எடுங்கள். முன் டீ என்றால் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு கூச்சம் நம் ஆண்களிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அது நீளத்துக்கான டீ, அவ்வளவுதான்.

பெங்களூரில் பழகியவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து கூடுதலாகப் போகும். பெட்ஃபோர்டு அதில் பாதி உயரம் கூட இல்லை. அதோடு குளிர் வேறு: பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் பெரிய அடியில் ஏறக்குறைய இரண்டு கெஜம் குறையும். தரை ஈரமாக இருப்பதால் விழுந்த பிறகு ஓடுவதும் குறைவு. பெங்களூரில் 9 அயர்னில் அடித்த தூரத்துக்கு இங்கே 7 அயர்னை எடுங்கள்.

ஆடும்போது

பந்தைத் தூக்கி அடிக்கப் பார்க்காதீர்கள். ஃபேர்வேயில் 7 அயர்னால் முக்கால் சுழற்சி, 80, 90 கெஜம் நேராகப் போனால் போதும், அடுத்ததையும் அப்படியே. கிரீனுக்கு 30 கெஜம் பக்கத்தில் வந்ததும், முன்னால் வழி திறந்திருந்தால் வெட்ஜை எடுக்காமல் அதே 7 அயர்னால் மெல்லத் தட்டி உருட்டிவிடுங்கள், புல் குட்டையாக இருந்தால் பட்டராலேயே கூடத் தள்ளலாம். நூறு வருடத்துக்கு முன் இங்கே ஆடியவர்களும் இப்படித்தான் ஆடினார்கள், மைதானம் அதற்காகத்தான் அமைந்திருக்கிறது.

நான்காவது குழிக்கு வால்கேனோ என்று பெயர், ராஸின் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. கிரீன் மேலே மேட்டில் இருக்கும், நீளமும் அதிகம். ஒரே அடியில் ஏற்ற நினைத்தால் பக்கச் சரிவில் பந்து மாட்டிக்கொள்ளும். மேட்டுக்குக் கீழே ஒரு அடி, மேலே ஏற்ற ஒரு அடி, அப்புறம் பட்டர் என்று வையுங்கள். நாலிலோ ஐந்திலோ முடித்தால் சந்தோஷமாக அடுத்ததற்குப் போகலாம். டைனி டிம் என்று டில்லிங்ஹாஸ்டின் சின்ன பார் 3 ஒன்றும் உண்டு. டீயில் ஒரு நிமிடம் நின்று அதன் மேடுபள்ளங்களைப் பாருங்கள், புல்டோசர் இல்லாத காலத்தில் குதிரையையும் மண்வெட்டியையும் வைத்துச் செய்த வேலை. ஷோபர்ஸ் ரன் என்ற ஓடை மைதானத்தை ஒட்டியே ஓடுகிறது. பந்து அதில் விழுந்தால் இறங்கித் தேட வேண்டாம், தண்ணீர் சில்லென்று இருக்கும், பாறை வழுக்கும். சிவப்புக் கம்பு நட்ட இடம் என்றால் ஒரு அடி அபராதம் சேர்த்து, உள்ளே போன இடத்திலிருந்து இரண்டு கட்டை நீளத்துக்குள் வேறு பந்தைப் போட்டு ஆடலாம்.

கிரீனில் சரிவு பார்ப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணிலேயே இருக்கும். இங்கே தண்ணீரை ஊற்றினால் எங்கே போய்த் தேங்கும் என்று பாருங்கள், பந்தும் அங்கேதான் வளையும். நீண்ட தூரத்திலிருந்து குழியில் போடப் பார்க்காமல் பக்கத்தில் மூன்று அடிக்குள் நிறுத்துங்கள். பந்து விழுந்து கிரீனில் பள்ளம் ஆகியிருந்தால் சின்ன முள் கருவியால் ஓரங்களை நடுவை நோக்கித் தள்ளிச் சமன் செய்யுங்கள். பங்கரில் ஆடினால் உங்கள் காலடியை வாரிவிட்டு வாருங்கள். இத்தனை வருடத்துக் கிரீனை மீட்டு வைத்திருக்கிறார்கள், அதற்கு நாம் செய்கிற மரியாதை இதுதான்.

வேகம் பற்றிப் பயப்படாதீர்கள், ஆனால் அலட்சியமும் கூடாது. யார் தயாரோ அவர் அடிக்கலாம், வரிசை பார்க்க வேண்டியதில்லை. ஒரு குழியில் பார் எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். பின்னால் வருகிற குழு காத்திருந்தால் ஒதுங்கி நின்று கையசைத்து முன்னே போகச் சொல்லுங்கள். பந்து யார் பக்கமாவது பறந்தால் "ஃபோர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள், அதில் மட்டும் கூச்சமே கூடாது.

உதிர்ந்த இலைகள்

ஐப்பசி ஆட்டத்தில் உண்மையான எதிரி இலைதான். நல்ல அடி அடித்திருப்பீர்கள், ஃபேர்வே ஓரத்தில்தான் விழுந்திருக்கும், போய்ப் பார்த்தால் பந்து இருக்காது. விதிப்படி தேட மூன்று நிமிடம்தான், 2019க்கு முன் ஐந்தாக இருந்தது. அடித்ததும் பந்து எந்த மரத்தின் நேரில் இறங்கியது என்று கூட வந்தவர் ஒருவர் கண்ணால் குறித்துக்கொள்ளட்டும். சந்தேகம் இருந்தால் அங்கேயே இன்னொரு தற்காலிகப் பந்தை அடித்துவிட்டுக் கிளம்புங்கள். பந்தைச் சுற்றியுள்ள இலைகளை எங்கேயும் அகற்றலாம், பங்கரில்கூட, அபராதம் கிடையாது. ஆனால் கிரீனுக்கு வெளியே அப்படி அகற்றும்போது பந்து அசைந்துவிட்டால் ஒரு அடி சேரும், பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். ஒட்டிய இலையை இழுக்காமல் தள்ளி இருப்பதை மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம். இலை குவிந்த பகுதிகளுக்கு மைதானத்தின் தனி விதி ஏதாவது உண்டா என்று ஸ்டார்ட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். நட்பாக ஆடுகிற குடும்ப ஆட்டம் என்றால் அபராதமே இல்லாமல் வேறு பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டால் சரி.

ஈர இலை மேல் கார்ட் வழுக்கும். சரிவில் வேகமாக இறங்காதீர்கள், திருப்பத்தில் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காதீர்கள். உயரமான புல்லுக்குள் பந்து தேடிவிட்டு வந்தால் கணுக்கால், முழங்கால் மடிப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று அன்று இரவு குளிக்கும்போது கட்டாயம் பாருங்கள். அங்கே அது லைம் நோயைப் பரப்பும், நம் ஊர் மாட்டு உண்ணி மாதிரி பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

ஆட்டம் முடிந்த பிறகு

உடனே காரில் ஏறிவிடாதீர்கள். ஹோட்டலைச் சுற்றிப் பாருங்கள், தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்த கட்டடம் அது. ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் கோடையில் இங்கே வந்துதான் தங்குவார். 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி வழியாக விக்டோரியா ராணி அனுப்பிய வாழ்த்து அவருக்கு இங்கேதான் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம் ஜெர்மனியில் பிடிபட்ட ஜப்பானியத் தூதரக ஆட்களை இந்த ஹோட்டலில்தான் காவலில் வைத்திருந்தார்கள். ஊற்றுநீர் நிரப்பிய உள்நீச்சல் குளம் ஒன்றும் 1905லிருந்து இருக்கிறது. தங்கினால் அதில் இறங்கி உட்காருங்கள், வலித்த இடுப்புக்கு இதமாக இருக்கும்.

தங்காமல் திரும்புவதானால் இருட்டும் முன்பே கிளம்பப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் மான்கள் அந்தி நேரத்தில் சாலையைக் கடக்கும், பென்சில்வேனியாவில் மான் மோதி நடக்கிற விபத்து அதிகம். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே வரட்டும், ஒரு மான் தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும்.